சிறைச்சாலைக்காரன் உருவிய பட்டயம்

தற்கொலை செய்துகொண்டவர் பரலோகம் போவாரா? நம்மில் பலர் இதற்குப் பதிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறோம். போகமாட்டார், பாவத்தை அறிக்கையிட்டு மனந்திரும்ப அவருக்கு ஏது நேரம்? வேதபாட வகுப்பில் யாராவது இப்படிச் சொன்னால் உட்கார்ந்து விவாதிக்கலாம். சில மாதங்களுக்கு முன் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பெட்டி இன்னும் மூடப்படாத நேரத்தில், ஒரு சபை மூப்பர் இதைச் சொன்னார். இரண்டு நாற்காலி தள்ளி, இறந்த பையனின் தாயார். அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

தற்கொலை பாவமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உயிர் கர்த்தர் கொடுத்தது. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை நம் சொந்த உயிருக்கும் சேர்த்துத்தான் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் அகஸ்டின் எழுதிவிட்டார். அதில் எனக்கு வழக்கில்லை. பாவம் என்பதிலிருந்து மன்னிப்பே இல்லாத பாவம் என்று ஒரே தாவாகத் தாவுகிறோமே, அதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன். மன்னிக்கப்படாதது என்று இயேசு சொன்னது பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்தை. மத்தேயு 12ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

"நேரமில்லை" என்ற வாதம் நம் மூப்பருடைய கண்டுபிடிப்பு அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் சொன்னது. அதை அப்படியே பிடித்துக்கொண்டால், மனைவியோடு போட்ட சண்டையின் கோபம் ஆறாமல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காரோட்டி லாரியில் மோதி இறந்தவர் எங்கே போவார்? தூக்கத்திலேயே இதயம் நின்றுபோனவர் அன்று மாலை சொன்ன பொய்யை எப்போது அறிக்கையிட்டார்? "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று ஞாயிறுதோறும் முழங்கிவிட்டு, துக்க வீட்டில் மட்டும் இரட்சிப்பைக் கடைசி மூச்சில் கட்டித் தொங்கவிடுவது என்ன நியாயம்?

அடுத்ததாக 1 கொரிந்தியர் 3:17 வரும். தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால் அவனைத் தேவன் கெடுப்பார்; ஆலயம் என்றால் நம் உடல் என்பார்கள். அந்த அதிகாரம் முழுவதும் "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று சபையைக் கூறுபோட்டவர்களைத்தான் பவுல் கண்டிக்கிறார். கோஷ்டி சேர்ப்பவர்களுக்கு எழுதிய எச்சரிக்கையைக் கோஷ்டி சேர்ப்பவர்களே எடுத்துச் செத்தவன்மேல் வீசுவது, சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், வேடிக்கையாக இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான்றுகொண்டு செத்த யூதாஸை இழுப்பவர்கள் சிம்சோனையும் கொஞ்சம் நினைக்கவேண்டும். பெலிஸ்தரோடு தானும் சாகவேண்டும் என்று கேட்டு, தூண்களைச் சாய்த்து இறந்தவன். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் விசுவாச வீரர் வரிசையில் அவன் பெயர் இருக்கிறது.

சபை வரலாற்றில் கடுமை இல்லாமல் இல்லை. 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் தற்கொலை செய்தவருக்கு அடக்க ஆராதனை வாசிக்கக்கூடாது என்றது. கத்தோலிக்கரின் 1917 திருச்சபைச் சட்டமும் அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான அவர்களுடைய மறைக்கல்வி ஏடு, கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. இறந்தவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனந்திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்றும் சொல்கிறது. சடங்குக்காரர்கள் என்று நாம் கேலி செய்கிறவர்கள் இந்தக் காரியத்தில் நம்மைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். நம் சீர்திருத்தச் சபைகளின் முன்னோடி மார்ட்டின் லுத்தரே கூட, இப்படி இறந்தவர்களைக் காட்டில் கொள்ளைக்காரனிடம் சிக்கி மாண்டவனுக்கு ஒப்பிட்டார். நிச்சயம் நரகம்தான் என்று அவர் தீர்ப்பெழுதவில்லை.

நம் மலேசிய நாட்டுச் சட்டம் கூட இறங்கி வந்துவிட்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்க வழிசெய்த குற்றவியல் சட்டம் 309ஆவது பிரிவு, 2023 செப்டம்பரில் முற்றாக நீக்கப்பட்டது. நம் சபைகளிலோ குடும்பங்கள் இன்னும் "மாரடைப்பு" என்று சொல்லித்தான் அடக்க ஆராதனைக்கு நேரம் வாங்குகின்றன.

"கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்." வரவேற்பறைச் சுவரிலும் காரின் பின்கண்ணாடியிலும் நாம் ஒட்டிவைத்திருக்கும் வசனம். யாருக்குச் சொன்னது? பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்கு. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் ஓடிப்போனார்கள் என்று எண்ணி, பட்டயத்தை உருவித் தன்னையே கொன்றுகொள்ளப் போனான். பவுல் அப்போது நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை. "நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று மிகுந்த சத்தமிட்டார். இரட்சிக்கப்பட என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்தே வந்தது. நாமோ 28ஆம் வசனத்தை விட்டுவிட்டு 31ஆம் வசனத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

"மன்னிப்பு உண்டு என்று சொன்னால் துணிச்சல் வந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். நரக பயத்தால் சிலர் தயங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே பயம்தான் போதகரிடம் போய் "ஐயா, எனக்குச் சாகவேண்டும்போல் இருக்கிறது" என்று சொல்லவிடாமல் வாயைக் கட்டுகிறது. வட்டி முதலையின் தொல்லையை ஜெபக்குறிப்பாகக் கொடுக்கிறோம். வேலை போனதையும் கொடுக்கிறோம். இதை மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்கே அந்த எண்ணம் இருக்குமானால், உங்களை நியாயந்தீர்க்க நான் எழுதவில்லை. இன்றிரவே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவிச் சேவைக்கு 15555.

மூப்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த இரண்டு எண்களையும் ஞாயிறு அறிக்கைத் தாளில் வாரந்தோறும் அச்சிடுங்கள். கட்டிட நிதிக் கணக்குக்குக் கீழே அரைப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.