ஒரு வரி வேலையாம்

இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். சனிக்கிழமை நான் எடுத்த நிரலாக்க வகுப்பில், ஸ்ட்ரிங்கை (எழுத்துகளின் தொடரை) துண்டுகளாக உடைக்கும் பாடத்தின்போது நடந்தது இங்கே பலருக்கும் தெரியும், அதை முழுதாகத் திரும்ப விவரிக்கப் போவதில்லை. ஆனால் "ஸ்ட்ரிங்கை உடைப்பது ஒரு வரி வேலை, இதற்கு ஒரு மணி நேரப் பாடமா?" என்று அத்தனை மாணவர்கள் முன்னால் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து போனது இன்னும் முள்ளாக உறுத்துகிறது.

ஒரு வரியில் எழுதலாம். இல்லை என்று யார் சொன்னது? எழுதுவதுதான் ஒரு வரி. எங்கே உடைக்க வேண்டும், காலியாக இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு வரி இல்லை. அந்த ஒரு மணி நேரமும் நான் சொன்னது இதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சி மொழியில் ஒரு கோப்பைப் படித்து, வரி வரியாகக் கமாவில் உடைத்து டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். பெயர், தொலைபேசி, வயது, தொழில். சி மொழியில் ஸ்ட்ரிங்கை உடைக்கும் ஸ்டர்டோக் (strtok) என்ற கட்டளையைப் போட்டேன், ஓடியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சிலருக்குத் தொலைபேசி எண் 34, வயது "ஆசிரியர்". "மீனா,,34,ஆசிரியர்" என்ற வரியில் தொலைபேசி காலி. அடுத்தடுத்து வரும் இரண்டு கமாக்களை ஸ்டர்டோக் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு காலி இடம் இருந்ததையே விழுங்கிவிடும். பின்னால் இருந்ததெல்லாம் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஏன் தெரியுமா? உடைத்து முடித்த பிறகு முழு வரியையும் அச்சிட்டுப் பார்த்தேன். "மீனா" மட்டும் வந்தது. கோப்பைப் படிப்பதிலேயே கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அங்கேயே தேடினேன். ஸ்டர்டோக் மூல ஸ்ட்ரிங்கிலேயே கை வைக்கும், கமா இருந்த இடத்தில் பூஜ்ஜிய பைட்டை எழுதி வரியை அங்கேயே முடித்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஒரு ஸ்ட்ரிங்கை உடைக்கக்கூடத் தெரியாதா?" சனிக்கிழமை காதில் விழுந்ததும் அதே குரல்தான்.

"சி எல்லாம் பழைய கதை" என்பீர்கள். சரி, ஜாவாவுக்கு வாருங்கள். அங்கே உடைக்கும் கட்டளை ஸ்பிளிட் (split). அதற்குக் கொடுப்பது ரெகெக்ஸ், அதாவது எப்படிப்பட்ட எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறியீடு. புள்ளியை அப்படியே கொடுத்தால் எந்த எழுத்தானாலும் உடை என்று ஆகிவிடும், கைக்கு வருவது காலி அர்ரே, எதுவுமே இல்லாத பட்டியல். வரியின் கடைசியில் காலிக் கட்டங்கள் இருந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அவை வேண்டுமென்றால் கூடவே -1 கொடுக்க வேண்டும். பைத்தானில் ஸ்பிளிட்டுக்கு எதுவும் கொடுக்காவிட்டால் இடைவெளி எத்தனை இருந்தாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு ஸ்பேஸைக் கொடுத்துப் பாருங்கள், இரட்டை ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு காலி ஸ்ட்ரிங் முளைக்கும். இரண்டும் சரிதான். எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வேலை அந்த முடிவில்தான் இருக்கிறது.

"சிஎஸ்விக்கு லைப்ரரி இருக்கிறதே?" கமாவால் பிரித்த கோப்பைப் படிக்க யாரோ தயாராக எழுதிவைத்த நிரல்தானே, இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் வகுப்பிலும் சொன்னேன்.

"புதியவர்களைப் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் தாங்க முடியவில்லை. யார் யாரைப் பயமுறுத்தியது? கடைசி வரிசையில் ஒரு பெண். சொற்களைப் பிரிக்க எல்லாரும் போடும் அந்த பேக்ஸ்லாஷ் டபிள்யூ ரெகெக்ஸைப் (\w+) பைத்தானில் போட்டு, "வணக்கம்" என்று கொடுத்திருக்கிறாள். திரையில் "வணக", "கம" என்று இரண்டு துண்டு. புள்ளிகள் இரண்டையும் காணோம். "சார், நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் நம் புள்ளியும் கால், கொம்பு, சுழி எல்லாமும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. பைத்தானோடு வரும் ரெகெக்ஸ் அந்தக் குறிகளைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை, அந்த இடத்தில் சொல்லை அறுத்துவிடுகிறது. ஆங்கிலத்தை மட்டும் உடைத்துப் பார்த்தவருக்கு இது ஒரு வரி வேலையாகத்தான் தெரியும். தன் மொழியின் வணக்கமே துண்டு துண்டாகி நிற்பதைப் பார்க்கிறவளுக்கு அப்படித் தெரியாது.

இதை அவளுக்கு விளக்க வாயைத் திறந்தபோதுதான் அந்த மனிதர் எழுந்து "ஒரு வரி வேலை" என்றார். பலர் சிரித்தார்கள். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு உண்டு. அந்த "வணக", "கம" இரண்டிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். அவள் வரவேண்டும்.