புதிய ரிசெப்டர் கண்டுபிடிப்பு என்றால் மருந்து தயார் என்று அர்த்தமில்லை

"புற்றுநோய் செல்லில் புதிய ரிசெப்டர் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆறு மாதத்தில் மாத்திரை வரும், இனி கீமோ வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ரிசெப்டர், அதாவது ஏற்பி, பெரும்பாலும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். ஹார்மோன் போன்ற ஒன்று வந்து ஒட்டினால் உள்ளே தகவல் போகும். இன்று புழக்கத்தில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜிபிசிஆர் என்ற ஒரே ஏற்பிக் குடும்பத்தின் மேல்தான் வேலை செய்கிறது, அதனால் புதிதாக ஒன்று கிடைத்தால் விஞ்ஞானிகள் சந்தோஷப்படுவது நியாயம்தான். ஆனால் அது பூட்டைப் பார்த்த கதை, சாவி இனிமேல்தான் செய்ய வேண்டும்.

நோய் எதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் பிடி-1 என்ற ஏற்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழு அதை அறிவித்தது 1992இல், அதைத் தடுக்கும் முதல் புற்றுநோய் மருந்து ஒப்புதல் பெற்றது 2014இல். 22 வருஷம்! ஏன் இவ்வளவு கஷ்டம்? மருந்து குறிவைக்கும் ஏற்பி நல்ல செல்களிலும் இருந்தால் பக்கவிளைவு வரும், எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்காமல் போகும், மனிதர்களிடம் சோதனைக்கு வரும் மருந்துகளிலேயே சுமார் பத்தில் ஒன்றுதான் ஒப்புதல் வரை போகிறது.

சந்தேகமா? மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் (ClinicalTrials.gov) தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். இந்தச் செய்தியில் மருந்தின் பெயரே இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது "இனி கீமோ வேண்டாம்" என்ற அந்தக் கடைசி வரிதான், யாராவது அதை நம்பி சிகிச்சையை நிறுத்திவிட்டால்? தயவுசெய்து இதை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் தவறு என்று சொல்லிவிடுங்கள்.