சேலத்தின் 1,936 ஓட்டு

"அடுத்த ஜனாதிபதி நம்ம சி.பி.ஆர். தானுங்க, வேணும்னா எழுதி வச்சுக்கோங்க." சாயங்காலம் சேலத்தில் எந்தத் தட்டுவடை செட் வண்டி பக்கம் நின்றாலும் இப்போது இந்தப் பேச்சுதான். சி.பி.ஆர். என்றால் சி.பி.ராதாகிருஷ்ணன், திருப்பூர்க்காரர், கொங்கு மண், 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி ஆகிவிட்டார். 2027 ஜூலையில் திரௌபதி முர்முவின் பதவிக்காலம் முடிகிறது. அப்புறம் என்ன, அடுத்த படி ஏற வேண்டியதுதானே என்கிறார்கள். வண்டிக்காரர் உள்பட யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

துணை ஜனாதிபதியாக இருந்து ஜனாதிபதி ஆனவர்கள் ஆறு பேர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன், வி.வி.கிரி, ஆர்.வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர்.நாராயணன். நாராயணன் ஆனது 1997-இல். அதற்குப் பிறகு அந்தப் படி யாருக்கும் வாய்க்கவில்லை. 2002-இல் கிருஷ்ண காந்த் பெயர் பலமாக அடிபட்டது, கடைசியில் கலாம் வந்தார். 2007-இல் பைரோன் சிங் ஷெகாவத் துணை ஜனாதிபதியாக இருந்துகொண்டே நின்று பிரதிபா பாட்டீலிடம் தோற்றார். ஹமீத் அன்சாரி பத்து வருஷம் இருந்தார், காங்கிரஸ் பிரணாப் முகர்ஜியிடம் போனது. 2022-இல் வெங்கையா நாயுடுதான் என்று டிவியில் அடித்துச் சொன்னவர்கள் உண்டு.

உண்மையில் கடந்த இருபது வருஷத்தில் ராஜ்பவனுக்குத்தான் யோகம். பிரதிபா பாட்டீல் ராஜஸ்தான் கவர்னராக இருந்தவர், ராம்நாத் கோவிந்த் பீகார் கவர்னர், முர்மு ஜார்க்கண்டில் கவர்னராக இருந்தவர். சி.பி.ஆரும் ஜார்க்கண்ட், மகாராஷ்டிரா என்று கவர்னர் பதவி பார்த்தவர்தான், அந்த வகையில் அவருக்கும் ஒரு வாய்ப்பு வைத்துக்கொள்ளலாம். கவர்னர் பதவி பார்த்த ஆரிப் முகமது கான், தாவர்சந்த் கெலாட் போன்றவர்களின் பெயர்கள் முன்பும் பேசப்பட்டன, இனியும் பேசப்படும். முர்முவுக்கே இன்னொரு முறை கொடுக்கவும் அரசியல் சட்டத்தில் தடை கிடையாது. ஆனால் இதுவரை இரண்டு முறை இருந்தவர் ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான். எதிர்க்கட்சிகள் பக்கம் நிலைமை இன்னும் பாவம். 2022-இல் சரத் பவார் மாட்டேன் என்றார், பரூக் அப்துல்லா மாட்டேன் என்றார், கோபாலகிருஷ்ண காந்தியும் மறுத்துவிட்டார், கடைசியில் யஷ்வந்த் சின்கா நின்றார்.

கோபாலகிருஷ்ண காந்தி யார்? மகாத்மாவுக்கு மகன் வழிப் பேரன், நம்ம ராஜாஜிக்கு மகள் வழிப் பேரன். சேலத்துக்காரன் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் ராஜாஜியிடம் போகாமல் இருக்க முடியாது. இந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர், 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராக வந்ததும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். 1948 ஜூனிலிருந்து கவர்னர் ஜெனரல். குடியரசு ஆகும்போது அதே மாளிகையில் அப்படியே ஜனாதிபதியாகத் தொடரட்டும் என்பது நேருவின் விருப்பம். கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சேராமல் விலகி நின்றவர், முஸ்லிம் லீக்கோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் என்ற கோபம் காங்கிரஸ்காரர்களுக்கு ஆறவே இல்லை. பட்டேல் கட்சியின் நாடி பார்த்து ராஜேந்திர பிரசாத் பக்கம் நின்றார். 1950 ஜனவரி 24 அன்று பிரசாத் போட்டியின்றித் தேர்வானார். இரண்டு நாள் கழித்து ராஜாஜி அந்த மாளிகையை விட்டுக் கிளம்பினார்.

அந்தக் காலத்தில் பிரதமரே விரும்பினாலும் கட்சிக்காரன் முடியாது என்று சொல்ல முடிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1969-இலும் அப்படித்தான். பெங்களூரில் கூடி, சிண்டிகேட் என்று பெயர் பெற்ற காங்கிரஸ் மூத்த தலைவர்கள் கூட்டம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது, காமராஜரும் அந்தப் பக்கம். இந்திரா மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார், கிரி ஜெயித்தார், அந்த வருஷமே காங்கிரஸ் உடைந்தது. நல்லதோ கெட்டதோ, சண்டை ஊரறிய நடந்தது. இப்போது? 2017 ஜூன் 19 அன்று கோவிந்த் பெயர், ஜூலை 17 ஓட்டு. 2022 ஜூன் 21 அன்று முர்மு பெயர், ஜூலை 18 ஓட்டு. முழுசாக ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் பூங்கொத்து, சால்வை, வேட்புமனு, மாநிலம் மாநிலமாக ஆதரவு கேட்டு ஒரு சுற்று. நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க எவனுக்கும் நேரம் இல்லை.

ஜனாதிபதி வெறும் ரப்பர் ஸ்டாம்ப், அதற்குப் போய் ஏன் இத்தனை பேச்சு என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் மேட்டூர் பக்கம் ஒரு மாணவர் நீட் எழுத வேண்டிய நாளில் உயிரை விட்டார். மறுநாள் சட்டமன்றத்தில் நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. கவர்னர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள், அது டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நீட் வேண்டும், வேண்டாம் என்பது தனிச் சண்டை, அதற்கு இப்போது வரவில்லை. ஆனால் அந்த மசோதா கடைசியாக நின்ற மேஜை ஜனாதிபதியின் மேஜை.

மந்திரிசபை சொல்வதைத்தான் அவர் செய்தாக வேண்டும், சரி. ஒரு முறை திருப்பி அனுப்பி மறுபடி யோசிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. நாராயணன் 1997-இல் உத்தரப் பிரதேசத்துக்கும் 1998-இல் பீகாருக்கும் ஜனாதிபதி ஆட்சிப் பரிந்துரை வந்தபோது திருப்பி அனுப்பினார். கலாம் 2006-இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். இருவருக்கும் இரண்டாம் முறை அமையவில்லை. இதிலிருந்து கட்சிகள் என்ன பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெயில் சிங் மாதிரி ஏமாற்றுகிறவர்களும் உண்டு என்பது வேறு. இந்திராவின் பரம விசுவாசி என்று பெயர் எடுத்து வந்தவர், ராஜீவ் காலத்தில் அஞ்சல் மசோதாவைக் கையெழுத்துப் போடாமலே வைத்துக்கொண்டார்.

இன்னொன்று, நம்ம ஆள் என்கிற பெருமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். பழங்குடிப் பெண் ஒருவர் முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது சேர்வராயன் மலையில் வாழ்கிறவருக்கு அது சாதாரண செய்தியாக இருந்திருக்காது. ஆனால் சேலம் மாவட்டத்து மலையாளி மக்களுக்கு (கேரளத்துக்காரர் இல்லை, இங்கே மலையில் வாழ்கிற சமூகம்) பழங்குடி அந்தஸ்து இருக்கிறது, ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளிகளுக்குக் கிடையாது. பட்டியலில் மாவட்டப் பெயர் போட்டு எழுதி வைத்ததால் வந்த வினை. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் அது தானாக நடந்துவிடாது. சி.பி.ஆர். வந்தாலும் கொங்கு நாட்டு விசைத்தறிக்கு நூல் விலை குறையாது.

ஊர்ப் பாசம் வேலை செய்கிற இடங்களும் உண்டு. பிரதிபா பாட்டீல் மராட்டியர் என்று 2007-இல் பா.ஜ.க. கூட்டணியில் இருந்த சிவசேனாவே காங்கிரஸ் வேட்பாளரை ஆதரித்தது. இங்கே 2025 துணை ஜனாதிபதி தேர்தலில் சி.பி.ஆர். தமிழர் என்று சொல்லியும் தி.மு.க. அசையவில்லை, எதிர்க்கட்சி வேட்பாளர் சுதர்சன் ரெட்டியைத்தான் ஆதரித்தது. இதில் எது சரி என்று கேட்டால், பிறந்த ஊரைப் பார்க்காமல் அரசியலைப் பார்த்தது சரி என்பேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஜனாதிபதி தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234 தொகுதிக்கு வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்து வந்த எண். உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிமுக்கு 7. சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லியிலிருந்து எடப்பாடி வரை 11 தொகுதி. பெருக்கிப் பாருங்கள், 1,936. எம்.பி. ஓட்டு தனி, 2022-இல் அது ஆளுக்கு 700. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும்போது இது கொசுறுதான். ஆனாலும் நம்ம பெயரில் போடுகிற ஓட்டு அது.

அதைவிட, இந்த ஓட்டுக்குக் கட்சிக் கொறடா கிடையாது. ரகசிய வாக்கெடுப்பு. மாற்றிப் போட்டாலும் கட்சித் தாவல் சட்டப்படி பதவி போகாது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் எம்.எல்.ஏ.வுக்கு ரோஸ் நிறச் சீட்டு கொடுப்பார்கள், எம்.பி.க்குப் பச்சை. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மை பேனாவில்தான் 1, 2 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும், வேறு பேனாவில் எழுதினால் செல்லாது. அப்புறம் அந்தப் பெட்டி விமானத்தில் அதிகாரிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டெல்லி போகும். 2022-இல் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்று அதற்குத் தனி டிக்கெட்டே எடுத்தார்கள். பெட்டிக்கு இருக்கிற மரியாதை அதில் ஓட்டுப் போடுகிறவரின் யோசனைக்கும் இருக்கலாம் இல்லையா?

எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் கேட்பதற்கு இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். மாநில மசோதாக்கள் ஜனாதிபதியிடம் வருஷக்கணக்கில் கிடப்பதைப் பற்றி நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளர் என்ன நினைக்கிறார்? உங்கள் ஓட்டு யாருக்கு, ஏன் என்று தொகுதிக்கு முன்கூட்டியே சொல்வீர்களா? ஜூன் மாதம் பெயர் வந்த பிறகு கேட்டால் பிரயோஜனம் இல்லை, இப்போதே கேட்க வேண்டும். மனு ஒரு பக்கத்துக்குத் தயாராக இருக்கிறது. ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி பக்கம் இருக்கிற நண்பர்கள் உங்கள் தொகுதி அலுவலகத்தில் கொடுக்க முடியுமென்றால் கமெண்டில் தொகுதிப் பெயரை மட்டும் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன். ஏற்காட்டுக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை.