பெடோராவுக்கு மட்டும் எழுதாதீர்கள்

தமிழ் மென்பொருள் செய்கிற தம்பி தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். நிரலை ஆர்பிஎம் என்ற நிறுவல் பொதியாகக் கட்டும் முறையைச் சொல்கிற ஸ்பெக் கோப்பை, உங்கள் கணினியில் உள்ள லினக்ஸுக்கு மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள்.

வன்னியில் நான் கணினி திருத்தப் போகிற சனசமூக நிலையங்களிலும் ரியூசன் கொட்டில்களிலும் இருப்பவை அனேகமாக அன்பளிப்பாக வந்தவை. கிளிநொச்சியில் பெடோரா என்ற லினக்ஸ் என்றால் ஒட்டுசுட்டானில் ஓப்பன்சூசே என்ற வேறு லினக்ஸ் இருக்கும். தந்தவர் எதைப் போட்டுத் தந்தாரோ அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

சிக்கல் பெரும்பாலும் பொதியின் பெயரில்தான். மறையாக்கத்துக்காகப் பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தையே எடுங்கள். நிரல் கட்டத் தேவையான பொதிக்குப் பெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல் என்று பெயர், ஓப்பன்சூசேயில் லிப்ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல். கட்டத் தேவையானதைச் சொல்கிற பில்ட்ரிக்வயர்ஸ் வரியில் இதில் ஒன்றை எழுதினால் மற்ற இடத்தில் அந்த வரியிலேயே இடறும். அதற்குப் பதிலாக பிகேஜிகொன்பிக் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்று போடுங்கள். பெடோரா, ஓப்பன்சூசே, மஜீயா ஆகிய மூன்று லினக்ஸும் அதைத் தருகிற பொதியைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். எழுத்துருவுக்கும் வழி உண்டு. லோகித் தமிழ் என்று பெயர் சொல்லாமல், தமிழுக்கு உதவும் ஏதாவது ஒரு எழுத்துரு வேண்டும் என்று மொழிக் குறியீட்டை வைத்தே பெடோராவில் கேட்கலாம்.

நிரல் ஓடுவதற்கு வேண்டிய சி நூலகங்களைக் கையால் எழுதவே வேண்டாம். கட்டி முடிந்த கோப்பைப் பார்த்து ஆர்பிஎம் தானே குறித்துக்கொள்ளும். நூலகங்கள் இருக்கும் பாதையை லிப்64 என்று நேரே எழுதாமல், கட்டும்போது அந்தந்த லினக்ஸின் பாதையாக மாறுகிற லிப்டிர் மாக்ரோவைப் போடுங்கள்.

சில இடங்களில் இன்ன லினக்ஸ் என்றால் இப்படி என்று இஃப் நிபந்தனை வைத்துப் பிரிக்காமல் முடியாது, சரி. ஆனால் சூசேயின் பதிப்பைச் சொல்லும் சூசே_வெர்ஷன் மாக்ரோவைச் சோதிக்கும்போது உள்ளே கேள்விக்குறியும் முன்னால் ஒரு 0-உம் கட்டாயம் வேண்டும். பெடோராவில் அந்த மாக்ரோ இல்லை. 0 இல்லாவிட்டால் இஃப் வரி வெறுமையாகிக் கோப்பை வாசிக்கும்போதே பிழை வரும். ஒரே கோப்பில் இஃப் குவிந்து கிடந்தால், பெயர்களை நம்பி எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுப்பேன்.

‘எல்லாவற்றுக்கும் ஃப்ளாட்பேக் இருக்கிறதே அண்ணா’ என்று கேட்பார்கள். ஒரே பொதி எல்லா லினக்ஸிலும் ஓடும் முறை அது. நல்ல வழிதான், ஆர்பிஎம் பயன்படுத்தாத டெபியன், உபுண்டுவிலும் ஓடும். ஆனால் முதல்முறை போடும்போது நிரல் ஓட வேண்டிய பொது நூலகத் தொகுப்பான அதன் ரன்டைம் மட்டுமே சில நூறு எம்பி இறங்கும். ஒருவருடைய போன் டேட்டாவில் முழு வகுப்பும் ஓடுகிற இடத்தில் அது சின்னக் காசு இல்லை. ஒரு தட்டச்சுப் பயிற்சி நிரலுக்கு அவ்வளவு இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சில எம்பி ஆர்பிஎம் என்றால் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம்.

பொதி கட்டித் தருகிற இணையச் சேவையான ஓப்பன் பில்ட் சேர்விஸில் கணக்குத் திறந்தால் ஒரே ஸ்பெக் கோப்பைப் பல லினக்ஸுக்கும் கட்டிப் பார்க்கலாம், இலவசம். எங்கே உடைகிறது என்று பதிவேட்டில் தெரியும். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் கோப்பை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.