பில்லைப் படித்துப் பார்த்தால் நன்றி கெட்டவனா?

அப்பாவின் ஆபரேஷன் பில்லுக்கு ஆஸ்பத்திரியில் விளக்கம் கேட்டதை நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "உயிரைக் காப்பாற்றியவர்களிடமே கணக்குக் கேட்கிறாயே" என்று ஒருவர், அதற்கு நாற்பது லைக் வேறு. சரி, நாற்பது பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரிடம் கணக்குக் கேட்கவில்லை, பில்லிங் கவுண்டரில் கேட்டேன். அறுவை சிகிச்சை செய்த கை வேறு, கீபோர்டில் தட்டிய கை வேறு.

முதலில் கொடுத்த பில்லில் மொத்தமே நாலு வரி. அறை, மருந்து, பரிசோதனை, இதர. அந்த 'இதர'தான் நான்கிலும் பெரிய தொகை! விவரமாகக் கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்ட பிறகு பதினொரு பக்கம் வந்தது. ஆறாம் பக்கத்தில், அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று பிசியோதெரபி, இரண்டு வேளை. காலையில் தியேட்டர், சாயங்காலம் ஐசியூவில் முழு மயக்கம். எந்தக் காலைத் தூக்கி எந்தப் பயிற்சி செய்தார் என்று கேட்டேன், அவ்வளவுதான். அப்புறம் ரத்தப் பரிசோதனை. பல பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே விலை போட்ட பேக்கேஜுக்குள்ளேயே சோடியம், பொட்டாசியம் இருக்கிறது, அதே நேரத்தில் எடுத்த அதே ரத்தத்துக்கு அவை தனித்தனியாகவும் ஏறியிருந்தன. மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்த ஆறு ஊசி மருந்துகளும் கழிக்கப்படவில்லை. ரிட்டர்ன் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன், இல்லையென்றால் அதுவும் போயிருக்கும்.

"மனிதத் தவறு சகஜம்" என்கிறீர்கள். சகஜம்தான், ஒப்புக்கொள்கிறேன். வார்டில் ஒருவர் எழுத, லேபில் ஒருவர் ஏற்ற, மருந்தகத்தில் இன்னொருவர் தட்ட, எல்லாம் ஒரே பில்லில் வந்து விழுகிறது. டாக்டர் வேண்டாம் என்று நிறுத்தியது கேஸ் ஷீட்டில் நிற்கும், பில்லில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாத் தவறும் எப்படி ஒரே பக்கமாகச் சாய்கிறது? விட்டுப்போன ஐட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிப் பதிவு போடலாம்.

"இன்சூரன்ஸ்காரன்தானே கொடுக்கிறான், உனக்கென்ன?" இதுதான் எரிச்சலின் உச்சம். பாலிசிக்கு உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது ஐயா. செய்யாத பிசியோதெரபியும் அதிலிருந்துதான் கழியும். அடுத்த மாதம் அப்பாவுக்கு நிஜமாகவே ஏதாவது என்றால் மீதி இருப்பதுதான் இருக்கும். நோயைக் குறிக்க பில்லில் போடும் குறியீட்டில் ஒரு எழுத்து மாறினாலே கிளெய்ம் திரும்பி வந்துவிடலாம், அப்போது அந்த நாற்பது லைக்கும் வந்து கட்டுமா?

கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தமில்லை. எத்தனை தடவைதான் சொல்வது? நான் குரலைக்கூட உயர்த்தவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணும் பாவம், அவர் ஏற்றிய கணக்கு இல்லை அது, அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது.

எனக்கு வலித்தது அதுவல்ல. ஊசி குத்திய கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சக்கர நாற்காலியில் அப்பா ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கிட்டே போனதும் மெதுவாகக் கேட்டார், "நான் ரொம்பச் செலவு வச்சுட்டேனாப்பா?" என்ன பதில் சொல்வது? நன்றி பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் திருத்திய பில் வந்தது. மூன்றையும் கழித்திருந்தார்கள், மன்னிப்பு எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் நேரம் தாண்டிவிட்டதாம், அதனால் அடியில் புதிதாக ஒரு வரி: அரை நாள் அறை வாடகை.

அதையும் கேட்டேன்.