ஃபார்வர்டு செய்கிறவரும் களத்தில்தான் இருக்கிறார்

போர் எல்லையில் நடக்கும், கலவரம் தெருவில் நடக்கும், நாம் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் என்ற நினைப்பு இனி செல்லாது. கையில் போன் இருந்தால் நாமும் ஏதோ ஒரு பக்கத்துக்கு வேலை பார்க்கிறோம். பல நேரம் தெரியாமலே.

உக்ரைனில் 'தியா' என்று ஓர் அரசுச் செயலி. லைசென்ஸ், அடையாள அட்டை எல்லாம் அதில்தான். 2022இல் போர் வந்ததும், அதை வைத்து அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு சாட்பாட்டைத் திறந்தார்கள். ரஷ்ய டாங்கியைப் பார்த்தால் படத்தையும் இடத்தையும் பொதுமக்களே அனுப்பலாம். போரில் நேரடியாகப் பங்கெடுக்கும் குடிமகனைத் தாக்கக்கூடாது என்று சர்வதேசப் போர்ச் சட்டம் தரும் பாதுகாப்பு, அந்த நேரத்தில் அவருக்குக் கிடையாது. அப்படியானால் ஜன்னல் வழியாகப் படம் எடுத்து அனுப்பிய பாட்டி யார்? சட்டம் படித்தவர்களே இதில் அடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பக்கமும் இதே கதைதான். 2023 புத்தாண்டு இரவில், ரஷ்யா பிடித்துவைத்திருந்த உக்ரைன் நகரமான மகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ராக்கெட்டுகள் விழுந்தன. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே சொன்னது. தடையை மீறி வீரர்கள் போன் பயன்படுத்தி, அது இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்ததுதான் முக்கியக் காரணமாம். (அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்த அதிகாரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று அங்கேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரம். பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று ஒரு வீடியோ. உண்மையில் அது பிலடெல்பியாவில் அந்த ஜனவரியில் நடந்த விமான விபத்து. அதைக்கூட விட்டுவிடலாம். மறுநாள் மூன்றாம் மாடி அண்ணன் ஒருவர், எம்இஜி ராணுவ மையத்தின் பக்கமிருந்து ராணுவ லாரிகள் வரிசையாகப் போவதை எடுத்து, நேரம், இடம் எல்லாம் எழுதிப் போட்டார். கீழே இருபது கைதட்டல். ஓய்வுபெற்ற சுபேதாரின் மனைவி ஒருவர் மட்டும் "தம்பி, முதல்ல அதை அழிங்க" என்றார். "நம்ம ராணுவம்தானேம்மா, பெருமைதானே" என்று பதில் வந்தது. அப்புறம்தான் அழித்தார்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புதுப் பாடமா என்ன? 2016 செப்டம்பர் காவிரிக் கலவரம் நினைவிருக்கும். முகநூலில் கிண்டல் செய்ததற்காக இங்கே ஒரு தமிழ் மாணவனை அடித்து, அதை வீடியோ எடுத்து அவர்களே பரப்பினார்கள். பிறகு சென்னையில் கன்னடர் ஒருவரின் ஹோட்டல் தாக்கப்பட்டது. அந்தச் செய்தி இங்கே ஓடியது. 12ஆம் தேதி சாயங்காலத்துக்குள் ஒரே டிப்போவில் 30க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. 1991 காவிரிக் கலவரத்தில் வதந்தி வாய்வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. 2016இல் அடி வாங்குகிறவனின் முகமே வீட்டுக்குள் வந்துவிட்டது.

உடனே இணையத்தை நிறுத்து என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2025 செப்டம்பரில் நேபாளம் 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. சில நாளில் பிரதமர் ஒலி பதவி விலகினார். ஊழல் மீதான கோபம் முன்பே இருந்தது, தடை அதை வீதிக்கு இழுத்து வந்தது. இங்கேயும் 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் பரவியபோது, ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அது வந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே குவாஹாட்டி ரயிலில் ஏறிப் போயிருந்தார்கள்.