மஸ்தாவும் ஹிரோஷிமாவும்: கார் ரசிகர்கள் சொல்லாமல் விடும் பாதி

ஜப்பானின் மஸ்தா என்று பேச்செடுத்தாலே கார் ரசிகர்கள் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் வைத்த ரோட்டரி இன்ஜினில் ஆரம்பித்து, பிரான்சின் 24 மணி நேரக் கார் பந்தயமான லெ மானில் 1991இல் கிடைத்த வெற்றியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நடுவில் "பிடிவாதம்" என்ற சொல் நாலைந்து தடவையாவது வந்துவிடும். உலகமே கைவிட்ட ஒரு இன்ஜினைச் சின்ன கம்பெனி ஒன்று விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஜெயித்தது என்பதுதான் அந்தக் கதை. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் தோற்ற வருடங்களில் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு மஸ்தா பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் இந்தப் பெயர் தெரிந்தது ஸ்வராஜ் மஸ்தா வேனால். 1980களில் பஞ்சாபில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய கம்பெனி அது. பள்ளிக்கூட வேன், கல்யாண வேன், சபரிமலை வேன் என்று ஒரு தலைமுறைக்கே பழக்கமான வண்டி. இலங்கை நண்பர்களுக்கு ஃபமிலியா கார் தெரிந்திருக்கும். மற்றபடி மஸ்தா நமக்குத் தூரத்துப் பெயர்தான்.

1920இல் ஹிரோஷிமாவில் இது தொடங்கியபோது காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டோயோ கார்க் கோக்யோ என்று பெயர். தக்கை செய்கிற கம்பெனி. அடுத்த வருடமே தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜூஜிரோ மட்சுடா மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே கொல்லுப்பட்டறை வேலைக்குப் போனவர், பம்ப் வடிவமைத்தவர், இரும்போடு வளர்ந்தவர். அவர் கையில் தக்கைக் கம்பெனி இயந்திரக் கம்பெனியாக மாறியதில் ஆச்சரியமில்லை. 1931இல் மூன்று சக்கர லாரி வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சரக்குப் பெட்டி. சிறு வியாபாரிகளின் வண்டி.

பிறகு 1945 ஆகஸ்ட் 6. அன்று மட்சுடாவின் 70வது பிறந்தநாள்.

தொழிற்சாலை இருந்தது ஃபுச்சூவில். ஹிரோஷிமா நகரம் நாலு பக்கமும் சூழ்ந்திருக்கும் தனி ஊர் அது. குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். இடையில் ஹிஜியாமா என்று ஒரு சின்னக் குன்று நின்றதால் அடியின் கடுமை குறைந்து, கட்டடங்கள் பெருமளவு தப்பின. ஊழியர்களில் பலர் அன்று நகரத்துக்குள் இருந்ததால் தப்பவில்லை. அரசு அலுவலகங்கள் எரிந்துபோன நிலையில், அந்த மாதமே ஹிரோஷிமா மாகாண நிர்வாகம் இந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் குடியேறி அடுத்த ஆண்டு வரை அங்கிருந்தே நடந்தது. டிசம்பரில் மூன்று சக்கர லாரி மறுபடி ஓடத் தொடங்கியது. இடிபாடு அள்ளவும், மரம் கொண்டுவரவும், காய்கறி ஏற்றவும் அந்த ஊருக்கு அப்போது தேவைப்பட்டது அந்த வண்டிதான். இந்த ஊருக்கும் இந்தக் கம்பெனிக்கும் உள்ள உறவை இங்கிருந்து பார்த்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

ரோட்டரிக்கு வருவோம். இதைக் கிறுக்குத்தனமான காதலாகச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் வணிக அமைச்சகம் கார் கம்பெனிகளை இணைத்து ஒருசில பெரிய குழுக்களாக ஆக்கப் பார்த்தது. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வரப்போகின்றன, சின்னக் கம்பெனிகள் தாங்காது என்பது அவர்கள் கணக்கு. அதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் போனது பிறகு நடந்த கதை. ஆனால் 1960இல்தான் ஆர்360 என்ற முதல் சின்னக் காரைக் கொண்டுவந்திருந்த கம்பெனிக்கு அது உயிர்ப் பிரச்சினை. டொயோட்டாவிடமும் நிசானிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும். அப்போது தலைவராக இருந்த ட்சுனேஜி மட்சுடா ஜெர்மனிக்குப் போய், ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த ரோட்டரி இன்ஜினுக்கு என்எஸ்யு கம்பெனியிடம் 1961இல் உரிமம் வாங்கியது அதனால்தான். நிதானமாகக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும், கிராங்க் அதைச் சுழற்சியாக மாற்றும். வாங்கெல் இன்ஜினில் முக்கோண ரோட்டர் ஒன்று எட்டு வடிவத்தைக் கொழுக்க வைத்ததுபோன்ற அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். உறிஞ்சுதல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் எல்லாம் அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும். வால்வு கிடையாது, அதிர்வு குறைவு, சின்ன உருவத்தில் பெரிய சக்தி. சிக்கல் முழுக்க அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளில். அங்கே இருக்கும் சீல்தான் வாயு கசியாமல் தடுக்க வேண்டும். வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது அந்தச் சீல் அதிர்ந்து, உள்சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டது. ஜப்பானியப் பொறியாளர்கள் அதைச் சாத்தானின் நகக்கீறல் என்றார்கள். ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே இன்ஜின் வீணாகிவிடும்.

1963இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு இதற்கென்றே உட்கார்ந்தது. ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த 47 ரோனின் கதை உண்டு, எஜமானுக்காக உயிரைக் கொடுத்த சாமுராய்கள். அந்த எண்ணை அவர்கள் பெருமையாகவே சுமந்தார்கள். சீலின் அதிர்வைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்து, கடைசியில் கார்பனோடு அலுமினியம் சேர்ந்த சீலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் என்எஸ்யுவும் ரோ80 என்ற அழகான ரோட்டரி காரை விட்டது. அதன் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன, வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி தளர்ந்தது, 1969இல் ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் போய்விட்டது. உரிமம் விற்றவர் விழுந்தார், வாங்கியவர் நின்றார். இந்த இடத்தில் யமமோட்டோ குழுவுக்கு எவ்வளவு கைதட்டினாலும் தகும்.

ரசிகர்கள் இதற்கு மேல் நேராக லெ மானுக்குத் தாவுவார்கள். நான் 1973இல் நிற்கிறேன்.

ரோட்டரியில் எரியாத எரிபொருள் புகையோடு வெளியே வரும். அதை வெளியேற்றக் குழாயிலேயே மறுபடி எரிக்க மஸ்தா ஒரு தனி உலை வைத்தது. இதனால் அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளை முன்னதாகவே நிறைவேற்றிய கம்பெனிகளில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. ஆனால் அந்த உலை எரிய பெட்ரோலைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய கையோடு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை மைலேஜ் கணக்கை வெளியிட்டது. மஸ்தா ரோட்டரிக்கு நகரத்துக்குள் ஒரு கேலனுக்குச் சுமார் 11 மைல். லிட்டருக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை. கம்பெனி என்ன செய்தது? சோதனை முறையே தப்பு என்று அரசாங்கத்தோடு வாதத்துக்குப் போனது. பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அந்த வாதத்தால் என்ன லாபம்? அமெரிக்காவில் விற்காத கார்கள் குவிந்தன.

பிடிவாதம் என்று நாம் கொண்டாடும் குணம் இங்கே கேட்க மறுக்கும் குணமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மஸ்தாவைப் புகழ்வது அந்தப் பொறியாளர்களுக்கே நியாயம் செய்யாது.

காப்பாற்ற வந்தது சுமிட்டோமோ வங்கி. கடன் கொடுத்தது, தன் ஆட்களை நிர்வாகத்துக்குள் அனுப்பியது. மட்சுடா குடும்பத்தின் கையிலிருந்து கம்பெனி போயிற்று. 1977இல் கொஹெய் மட்சுடா தலைவர் பதவியை விட்டு இறங்கினார். பெரிய அளவில் ஆட்களைத் துரத்தவில்லை. ஓய்வு பெற்றவர்கள், தாமாக விலகியவர்கள் இடங்களை நிரப்பாமல் விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நாடு முழுக்க ஷோரூம்களுக்குக் கார் விற்க அனுப்பினார்கள். அன்றைய ஜப்பானில் கார் விற்பது என்றால் வீடு வீடாக ஏறி இறங்குவது. நேற்றுவரை அசெம்பிளி லைனில் ஸ்பேனர் பிடித்தவர், குடும்பத்தை ஹிரோஷிமாவில் விட்டுவிட்டு, தெரியாத ஊரில் தெரியாத கதவைத் தட்டி, யாரும் வேண்டாம் என்கிற காரை விற்க வேண்டும். ரோட்டரியை உருவாக்கிய 47 பேருக்குப் புகழ் கிடைத்தது. கதவு தட்டப் போனவர்கள் பெயர் எதிலும் இல்லை. என் கணக்கில் இவர்களும் அந்த இன்ஜினைக் காப்பாற்றியவர்கள்தான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஹிரோஷிமாவின் வியாபாரிகளும் நிறுவனங்களும் சேர்ந்து, வாங்குவதானால் மஸ்தா வாங்குவோம் என்று இயக்கமே நடத்தினார்கள். நெருக்கடி உச்சத்தில் இருந்த 1975இல்தான் ஹிரோஷிமா கார்ப் பேஸ்பால் அணி முதன்முதலாக லீக் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய மூன்று வருடமும் கடைசி இடம். போருக்குப் பின் வறுமையில், மைதான வாசலில் வைத்த பீப்பாயில் மக்கள் சில்லறை போட்டுக் காப்பாற்றிய அணி அது. 1968இலிருந்து அதன் பெயரில் டோயோ சேர்ந்திருந்தது, மஸ்தாவின் பழைய பெயர்தான். கம்பெனியை இழந்த கொஹெய் மட்சுடா அணியை மட்டும் விடவில்லை, சாகும்வரை அவர்தான் அதன் உரிமையாளர்.

ரோட்டரியையும் சரிசெய்தார்கள். எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்துச் செய்து காட்டினார்கள். அதன் பலன்தான் 1978இல் வந்த ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார். அதே சமயம் குடும்பங்கள் வாங்கும் சாதாரண பிஸ்டன் காரையும் ஒழுங்காகச் செய்தார்கள். 1980இன் ஃபமிலியா ஜப்பானில் ஆண்டின் சிறந்த கார் விருதை முதன்முதலில் வாங்கிய கார். வீட்டு வாசலில் நின்று ஜனங்களிடம் பேசிவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கும் கம்பெனிக்கு, ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் போகுமா? ஆர்எக்ஸ்-7 பேசப்பட்டது, ஃபமிலியா சோறு போட்டது. இரண்டாவதை யாரும் போஸ்டராக ஒட்டுவதில்லை.

லெ மானைச் சொல்லாமல் விட எனக்கும் மனமில்லை. 1991 ஜூன். நான்கு ரோட்டர் 787பி, 55ஆம் எண், ஆரஞ்சும் பச்சையுமாக. வைட்லர், ஹெர்பர்ட், கஷோ மூவரும் ஓட்டினார்கள். ரோட்டரிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, மறு வருடம் விதி மாறுகிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடிஸ் கடைசி மணி நேரங்களில் சூடாகி ஒதுங்கியது. மஸ்தா 362 சுற்று முடித்து முதலில் வந்தது. ஹெர்பர்ட் களைப்பில் சுருண்டு, மேடைக்கே வர முடியவில்லை. லெ மானில் ஜெயித்த முதல் ஜப்பானியக் கார். இன்னொரு ஜப்பானியக் கார் ஜெயிக்க 2018 வரை, டொயோட்டா வரும்வரை, ஆனது. இந்த வெற்றியில் எனக்குப் பிடித்தது வேகம் மட்டுமல்ல: பெட்ரோல் அளவுக்குக் கட்டுப்பாடு இருந்த பந்தயம் அது. பெட்ரோல் குடிக்கிறது என்று பெயர் கெட்ட இன்ஜின் அதில் 24 மணி நேரம் தாக்குப்பிடித்தது.

அதே நேரத்தில் நிர்வாகம் இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஜப்பானில் பணம் கொழித்த காலம். ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களைத் தொடங்கி, டொயோட்டா அளவுக்கு வளர்ந்துவிடலாம் என்று நினைத்தார்கள். பொருளாதாரம் சரிந்ததும் எல்லாம் கலைந்தது. 1979இலேயே சுமார் நாலில் ஒரு பங்கு வாங்கியிருந்த ஃபோர்டு, 1996இல் அதை 33.4 சதவீதமாக்கி ஹென்றி வாலஸைத் தலைவராக அனுப்பியது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டுக்காரர் தலைவரானது அதுவே முதல் முறை. 2008 நெருக்கடியில் ஃபோர்டு பங்குகளை விற்கத் தொடங்கியபோது, மஸ்தா கதை முடிந்தது என்றுதான் பலர் சொன்னார்கள்.

அப்போது அவர்கள் செய்த வேலையை நான் ரோட்டரிக்கு நிகராக மதிக்கிறேன். எல்லோரும் ஹைப்ரிட், மின்சாரம் என்று ஓடியபோது, அதற்கான பணம் இல்லாத இவர்கள் சாதாரண பெட்ரோல், டீசல் இன்ஜினையே முதலிலிருந்து யோசித்தார்கள். எரிவதற்கு முன் சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைச் சொல்லும் கம்ப்ரஷன் விகிதம் பெட்ரோலுக்கு 14, டீசலுக்கும் 14. பெட்ரோலுக்கு அது மிக அதிகம், டீசலுக்கு மிகக் குறைவு. ஸ்கைஆக்டிவ் என்ற பெயரில் 2012 சிஎக்ஸ்-5 காரில் அது முழுமையாக வந்து, கம்பெனியை நிமிர்த்தியது. 1989இல் வந்த எம்எக்ஸ்-5 இன்றும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது. அதற்கும் சாதாரண பிஸ்டன் இன்ஜின்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய மஸ்தாக்கள் துருப்பிடிக்கும் என்ற கெட்ட பெயர் காரணமில்லாமல் வரவில்லை. 2012இல் தயாரிப்பு நின்றுபோன ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 ஆயில் குடிக்கும், சரியாகப் பராமரிக்காதவரை நடுத்தெருவில் நிறுத்தும். 2024 ஜூனில் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹாவோடு மஸ்தாவும் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம். பொறியியலே எங்கள் அடையாளம் என்று சொல்லும் கம்பெனி, சோதனையில் குறுக்குவழி போகலாமா? சின்னக் கம்பெனி, பாவம் என்று இதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

2023இல் எம்எக்ஸ்-30 காரில் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டராக ரோட்டரி திரும்பி வந்தது. ஒரே ரோட்டர், 830 சிசி. 2024இல் ரோட்டரிக்கான பொறியாளர் குழுவையும் மறுபடி கூட்டியிருக்கிறார்கள். ரசிகர்கள் அடுத்த ஆர்எக்ஸ் எப்போது என்று கேட்கிறார்கள். வந்தால் எனக்கும் சந்தோஷம், ஆனால் நான் முதலில் பார்ப்பது மைலேஜையும் புகை அளவையும்தான். அதைவிட முக்கியமாக இன்னொன்று. ஹிரோஷிமாவைச் சுற்றி இன்ஜின் பாகங்கள் செய்து பிழைக்கும் சிறு தொழிற்கூடங்கள் நிறைய இருக்கின்றன. முழு மின்சாரக் காரில் அவற்றின் வேலையில் பெரும்பகுதி இல்லாமல் போகும். 1975இல் கம்பெனிக்காக நின்றது அந்த ஊர். இப்போது மஸ்தாவிடமிருந்து புதிய ஸ்போர்ட்ஸ் காரின் படம் வரும்போதெல்லாம், அந்தத் தொழிற்கூடங்களுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.